குப்பியில் வளரும் மூங்கில்

மூங்கிலைக் கண்டவர் எவரும் அதனைப் புல் என்று எளிதில் நம்பிவிடமாட்டார். பேராதனைப் பூங்காவிலே மகாவலி கங்கையின் கரையோரமாக நிற்கும் இராட்சத மூங்கிற் புதர்களின் அடியிற் சென்று அண்ணாந்து நோக்குவோருக்கு, அவை வானளாவிய மரங்களாகவே தோன்றும். ஆயினும் தாவரவியலார் நெல், கரும்பு, சோளம், அறுகு ஆகியவற்றோடு ஒரே குடும்பத்திலேயே மூங்கிலையும் சேர்த்து வைத்திருக்கின்றனர். தமிழருக்கு இது புதுமையன்று. உள்ளே வயிரம் உடையன மரம், வெளியே வயிரம் உடையன புல் என்று தொல்காப்பியத்தின் மரபியல் முன்னரே வகுத்துவிட்டது. அந்த வகுப்பின்படி தெங்கும் பனையுங்கூடப் புல்லாகிவிடும். இக்காலத் தாவரவியல் அவ்விரண்டையும் வேறொரு குடும்பத்தில் வைத்திருக்கிறது. மூங்கிலைப் பொறுத்தவரையிலோ பழைய இலக்கணமும் புதிய விஞ்ஞானமும் ஒத்தே பேசுகின்றன.

புல் என்றால் பெருகுதற்கு எளிதாயிருக்க வேண்டும். அறுகம்புல்லை அழிக்க முயன்ற தோட்டக்காரர் அனைவரும் இதற்குச் சான்று பகர்வர். மூங்கில் மட்டும் இவ்வகையில் வேறுபட்டது. அது பூப்பதே அரிது. சில இனங்கள் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். யப்பானிற் பெரிதும் வளர்க்கப்படும் ஓரினம் ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு ஒருமுறையே பூக்கும். பூக்குங்கால் ஒரு புதர் மட்டுமன்றிக் காடு முழுவதும் ஒருங்கே பூத்து, வித்துதிர்த்து, பின்னர் ஒருங்கே மடியும். உதிர்ந்த வித்துகளும் நெடுநாள் தாங்குவனவல்ல; சில மாதங்களில் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். எனவே வித்தை நம்பி மூங்கில் நடுபவன் தன் வாழ்நாளில் ஒரேயொரு தடவைதான் அவ்வாய்ப்பைப் பெறக்கூடும். வித்தை விடுத்துக் கிழங்கோடு கூடிய அடிக்கழியைப் பெயர்த்து நடலாமெனின், அதன் பாரமும் பருமனும் பெரிது. ஒரு புதரிலிருந்து ஆண்டுக்குச் சிலவற்றையே எடுக்கலாம். எடுக்கும்போது தாய்ப்புதரும் ஊறுபடும். கழித்துண்டுகளை நட்டு வேரூன்றச் செய்வதும் எல்லா இனங்களுக்கும் ஒத்துவருவதில்லை. ஆயிரக்கணக்கான ஏக்கரில் மூங்கில் நட விரும்பும் ஒரு நாடு இவ்வழிகளை நம்பிக் காத்திருத்தல் இயலாது.

இவ்விடர்ப்பாட்டிற்கு விடையாக வந்ததே இழைய வளர்ப்பு என்னும் முறை. ஒரு சிறு அரும்பை வெட்டியெடுத்து, கிருமிகள் அற்ற கண்ணாடிக் குப்பியிலே, உணவும் ஓமோன்களும் கலந்த கூழின்மேல் வைத்து, ஒன்றைப் பலவாக்கும் கலை அது. இங்கே வேலை செய்வன ஓமோன்களே. அவை யாவை, எவ்வாறு கண்டறியப்பட்டன என்பதை அறிந்தாலன்றி இம்முறையின் உள்ளியல்பு விளங்காது.

வியப்பு யாதெனில், தாவர ஓமோன்களைப் பற்றிய அறிவின் பெரும்பகுதியை மனிதர் புல்லினத்திடமிருந்தே கற்றனர். சாள்ஸ் டார்வினும் அவர் மைந்தர் பிரான்சிசும் 1880 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே, கனேரிப் பறவைகளுக்கு உணவாகும் ஒருவகைப் புல்லின் இளமுளைகள் ஒளியை நோக்கி வளைவதை ஆராய்ந்திருந்தனர். முளையின் நுனியைத் தொப்பியால் மூடினால் வளைவு நிகழ்வதில்லை. அடிப்பாகத்தை மூடினாலோ வளைவு தடைப்படுவதில்லை. ஒளியை உணர்வது நுனி. வளைவதோ அதற்குக் கீழுள்ள பகுதி. ஆகவே நுனியிலிருந்து ஏதோ ஒன்று கீழிறங்கிச் செல்லுதல் வேண்டும் என அவர்கள் முடிவுகட்டினர். அந்த ஏதோ ஒன்றைக் கையிற் பிடித்துக் காட்டியவர் ஒல்லாந்தின் யூற்றெக்ற் நகரைச் சேர்ந்த பிரிற்ஸ் வென்ற் என்னும் இளைஞர். 1926 இல் அவர் ஓற்சு முளைகளின் நுனிகளைக் கொய்து ஏகார்க் கூழின்மேற் சிலமணி நேரம் வைத்தார். பின்னர் நுனிகளை எறிந்துவிட்டு, அக்கூழின் சிறு துண்டொன்றை நுனியற்ற முளையின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தார். முளை இருளிலேயே மறுபக்கமாக வளைந்தது. நுனியிலிருந்து கூழிற்குள் ஊறிய பொருளே வளர்ச்சியைத் தூண்டியது என்பது ஐயமற விளங்கிற்று. ஒட்சின் என்று பெயர்பெற்ற பொருள் இதுவே. சில ஆண்டுகளின் பின் இரசாயனவியலார் அதனைப் பிரித்தெடுத்து இந்தோல் அசற்றிக்கமிலம் என இனங்கண்டபோது, அவர்கள் மூலப்பொருளாகக் கொண்டவற்றுள் மனித சிறுநீரும் ஒன்று என்பது பலரும் சொல்லத் தயங்கும் செய்தி.

கிபரெலின் என்னும் மற்றோர் ஓமோனும் புல்லினத்தால் வெளிவந்ததே. நெற்பயிர் அளவுமீறி நெட்டையாக வளர்ந்து சாயும் நோயொன்றை ஆராய்ந்த யப்பானிய அறிஞர் குரோசாவா, அந்நோயை விளைவிக்கும் பூஞ்சணத்தின் சாறே அவ்வாறு நீட்டுகிறது என்று 1926 இற் காட்டினார்.

மூங்கிற் குப்பிக்கு இன்றியமையாத ஓமோன் சைற்றோகைனின். இதன் வரலாறோ சற்றுக் கோணலானது. 1941 இல் அமெரிக்காவில் ஊமத்தையின் இளங்கருவைக் குப்பியில் வளர்க்க முயன்ற ஆய்வாளர், தேங்காயின் உள்ளிருக்கும் நீரைச் சேர்த்தபோது கரு செழித்து வளர்வதைக் கண்டனர். ஆங்கில ஆய்வேடுகளில் இதனைத் தேங்காய்ப் பால் என்றே எழுதுவர். துருவிப் பிழிந்தெடுக்கும் பாலுக்கும் உள்ளிருக்கும் நீருக்கும் உள்ள வேறுபாட்டை இந்நாட்டின் எந்த அடுக்களைப் பெண்ணும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பாள். அந்நீரில் கலங்களைப் பிரியத் தூண்டும் பொருள் யாதென்ற தேடல் பல ஆண்டுகள் நீடித்தது. 1955 இல் விசுகொன்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்கூக் என்பவரின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய காலொஸ் மில்லர், ஹெரிங் என்னும் மீனின் விந்திலிருந்து எடுத்த கருவமிலத்தின் பழைய மாதிரியொன்று புகையிலைக் கலங்களை விரைந்து பிரியச் செய்வதைக் கண்டார். புதிய மாதிரி அவ்வாறு செய்யவில்லை. நீராவியமுக்கத்தில் வேகவைத்த பின்னரே அதுவும் வேலைசெய்தது. பழமையாலும் வெப்பத்தாலும் கருவமிலம் சிதைந்து பிறந்த அப்பொருளுக்குக் கைனெற்றின் எனப் பெயரிட்டனர். தாவரத்தினுள்ளே இயற்கையாக உள்ள சைற்றோகைனின் ஒன்று 1960களில் இளஞ்சோளமணியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. சோளமும் புல்லே.

1957 இல் ஸ்கூக்கும் மில்லரும் வெளியிட்ட முடிபு இன்றும் இழைய வளர்ப்பாளரின் அரிச்சுவடியாக விளங்குகிறது. புகையிலைத் தண்டின் இழையத்திற்கு ஒட்சினை மிகுத்துச் சைற்றோகைனினைக் குறைத்தால் வேர் உண்டாகும். சைற்றோகைனினை மிகுத்து ஒட்சினைக் குறைத்தால் குருத்துகள் கிளம்பும். இரண்டும் ஒத்த நிலையில் இருந்தால் வேருமின்றிக் குருத்துமின்றி உருவற்ற கலத்திரளே பெருகும். தனியொரு பொருள் வேரையோ குருத்தையோ படைப்பதில்லை. இரண்டின் விகிதமே தீர்மானிக்கிறது. 1962 இல் முராஷிகேயும் ஸ்கூக்கும் வகுத்த உப்புக் கலவையே உணவூடகமாக உலகெங்கும் பயன்படுகிறது. அது புகையிலைக்கென வகுக்கப்பட்டது. ஆனால் மூங்கிலும் கரும்பும் வாழையும் அதனை மறுப்பதில்லை.

இனி, புல்லின் கணுவிற்கு வருவோம். ஒவ்வொரு கணுவிலும் இலைக்கக்கத்தில் ஓர் அரும்பு உறங்கிக்கிடக்கும். உச்சிக்குருத்து ஓங்கி வளரும்வரை அவ்வரும்புகள் விழிப்பதில்லை. உச்சியிலிருந்து கீழிறங்கும் ஒட்சின் அவற்றை அடக்கிவைக்கிறது. வேரிலிருந்து மேலேறும் சைற்றோகைனின் எழுப்ப முயல்கிறது. 2008 இல் பிரான்சிலும் யப்பானிலும் ஆய்வாளர், திரிகோலற்றோன் என்னும் மூன்றாவது ஓமோன் கிளைத்தலைத் தடுப்பதையும் கண்டனர். அதற்குத் துணைபோனது அளவுமீறிக் கிளைக்கும் நெல்வகை. புல்வெளியை மாடு மேய்ந்தபின் புல் அடர்ந்து தழைப்பதும், நுனி கொய்யப்பட்டமையால் அரும்புகளின் தளை அறுவதால் நிகழ்வதே. குப்பியிலே ஆய்வாளர் செய்வது மாட்டின் வேலையை இரசாயனத்தாற் செய்வது எனலாம். சைற்றோகைனினை வெளியிலிருந்து ஊட்டி, உறங்கும் அரும்பை எழுப்பி, அதன் கக்கத்திலுள்ள அரும்பையும் எழுப்பி, அதன் கக்கத்திலுள்ளதையும் எழுப்பி, ஓயாது கிளைக்கச் செய்கின்றனர்.

செய்முறை பின்வருமாறு அமையும். நோயற்ற புதரொன்றின் இளம் பக்கக்கிளைகளிலிருந்து கணுக்கள் வெட்டப்படும். மண்ணின் அருகிலுள்ளவை பெரும்பாலும் ஒதுக்கப்படும். அங்கே கிருமிகள் மிகுதி. இலைமடலை உரித்து, சவர்க்காரநீரிற் கழுவி, வெளிற்றும் திரவத்திலோ இரசக் குளோரைட்டுக் கரைசலிலோ சில நிமிடம் அமிழ்த்தி, கிருமிநீக்கிய நீரில் மும்முறை அலசுவர். இதிலே நேரம் சிறிது கூடினால் அரும்பு இறக்கும். குறைந்தால் பூஞ்சணம் பிழைக்கும். அரும்புள்ள கணுவை, 121 பாகை வெப்பத்தில் நீராவியமுக்கத்தால் தூய்மைசெய்த ஊடகத்தின்மேல் நடுவர். ஊடகத்தின் ஒரு இலீற்றரில் உப்புகளோடு 30 கிராம் சீனி இருக்கும்; குப்பிக்குள் இருக்கும் குருத்து ஒளிச்சேர்க்கையால் தன் உணவைப் போதியளவு ஆக்கவல்லதன்று. சைற்றோகைனினாகப் பெரும்பாலும் இடப்படுவது பென்சைல் அடினீன் என்னும் செயற்கைப் பொருள். மலிவானது, வெப்பத்திற் கெடாதது. அதன் அளவு இலீற்றருக்குச் சில மில்லிகிராம் மட்டுமே. ஒரு சிட்டிகை உப்பை ஒரு பெருங்குடம் நீரிற் கரைத்ததற்கு இதனை ஒப்பிடலாம். அச்சிறு அளவே பெருஞ்செயல் புரிகிறது.

ஏறக்குறைய 25 பாகை சதமளவை வெப்பத்தில், நாளொன்றுக்குப் பதினாறு மணிநேர ஒளியில் வைத்தால், இரண்டொரு கிழமைக்குள் அரும்பு விரியும். பின்னர் குருத்துகளைப் பிரித்துப் புதிய ஊடகத்திற்கு மாற்றுவர். இவ்விடத்தே மூங்கில் தன் புல்லியல்பை மறக்காமல் வெளிப்படுத்தும். ஒவ்வொரு குருத்தாகத் தனித்துப் பிரித்தால் அவை வாடிப் பழுத்து மடியும்; மூன்று நான்கு குருத்துகள் சேர்ந்த கொத்தாக வைத்தாலே தழைக்கும். புதராய் வாழப் பிறந்தது குப்பியிலும் புதராகவே வாழ விரும்புகிறது. மூன்று நான்கு கிழமைகளுக்கு ஒருமுறை கொத்துகளைப் பிரிப்பர். மாதத்திற்கு மும்மடங்கு பெருகுமெனக் கொண்டால், ஓர் அரும்பிலிருந்து ஓராண்டில் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட குருத்துகள் கிடைக்க வேண்டும். இது தாளிற் போடும் கணக்கு. கிருமி புகுந்து கெட்டவை, பழுத்தவை, பெருக்கம் ஓய்ந்தவை ஆகியவற்றைக் கழித்தால் கைக்கு வருவது மிகக் குறைவு. ஆயினும் பெயர்த்து நடும் அடிக்கழியோடு ஒப்பிட அது பன்மடங்கு மிகை.

ஓமோனைக் கூட்டினால் குருத்து கூடும் என்று எண்ணி அளவுமீறிச் சேர்ப்பவருக்குத் தண்டனையும் உண்டு. குருத்துகள் குட்டையாகி, நீர்கொண்டு கண்ணாடிபோல் ஒளிபுகவிடும் தன்மை அடைந்து, தொட்டால் ஒடியும். அத்தகைய குருத்து வேர்விடாது. விட்டாலும் மண்ணிற் பிழையாது. சில இனங்கள் வெட்டுவாயில் கரிய நீரை உமிழ்ந்து தம் ஊடகத்தையே நஞ்சாக்கும். தண்டின் உட்புறத்தில் மறைந்திருந்த பற்றீரியா, எல்லாம் நலமென எண்ணியிருந்த ஆறாம் மாதத்தில் பால்போல் ஊடகத்திற் கசிந்து வெளிப்பட்டு, ஒரு தட்டு முழுவதையும் குப்பைக்கு அனுப்புவதும் உண்டு.

குருத்து போதியளவு பெருகியபின் அதற்கு வேர் வேண்டும். சைற்றோகைனினை நீக்கிவிட்டு ஒட்சினைக் கொடுப்பர்; இந்தோல் பியூற்றிக்கமிலமும் நத்தலீன் அசற்றிக்கமிலமும் இதற்கு உதவுவன. மூங்கிலில் மிகவும் தொல்லைதரும் படி இதுதான். நாற்றிலிருந்து எடுத்த குருத்து எளிதில் வேர்விடும். முதிர்ந்த புதரிலிருந்து எடுத்ததோ பிடிவாதமாக மறுக்கும். வேர்விட்டபின்னும் உடனே வெளியே கொண்டுசெல்லலாகாது. குப்பியின் ஈரக்காற்றிலே வளர்ந்த இலைக்கு மெழுகுப் போர்வை மெல்லியது. இலைவாய்கள் மூடக் கற்றிருக்கவில்லை. வெயிலில் வைத்தால் ஒரு முற்பகலுக்குள் வாடிவிடும். நிழற்கூடத்தில், ஈரம் நிறைந்த மூடாக்கின்கீழ் வைத்து, கிழமைகள் பல கடந்து சிறிது சிறிதாகத் திறந்துவிட வேண்டும். நிலத்தடியே கிழங்கு உருவாகிப் புதிய கழி அதிலிருந்து எழுந்தாலே மூங்கில் நிலைத்தது எனலாம்.

அரும்பைக் கிளைக்கச் செய்யாமல் கலத்திரளாக்கி, அதிலிருந்து கருக்களைப் பிறப்பிக்கும் வேறொரு வழியும் உண்டு. 1982 இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தார் முள்மூங்கிலில் இதனைச் செய்துகாட்டினர். கலத்திரளை உண்டாக்க இடப்படும் ஒட்சின் பெரும்பாலும் 2,4-டி. நெல்வயலில் அகன்ற இலைக் களைகளைக் கொல்லத் தெளிக்கும் அதே மருந்து! வயலில் புல்லினத்தைத் தொடாமல் விடும் அது, குப்பியிற் புல்லின் இழையத்தை உருக்குலைத்துப் பின் புதுக் கருவாக்க உதவுகிறது. விரைவு இவ்வழியில் மிகுதி. ஆனால் கலத்திரளாக நீடித்து வாழ்ந்த இழையத்திலிருந்து எழும் நாற்றுகள் சில, தாயினின்றும் மாறுபட்டுப் பிறக்கும். ஐம்பது ஆண்டு நிற்கவேண்டிய தோட்டத்திற்கு நாற்றுக் கொடுப்போர் அரும்பு வழியையே நாடுவதில் நியாயம் இருக்கிறது.

இவ்வளவும் தொழில்நுட்பச் சிக்கல். இவற்றினும் ஆழமான கேள்வி வேறொன்று: குப்பியிலிருந்து வெளிவரும் மூங்கிலின் வயது என்ன?

அஃது ஒரு சொல்விளையாட்டன்று. ஒரு புதரிலிருந்து வெட்டியெடுத்து வெவ்வேறு நாடுகளில் நடப்பட்ட மூங்கில்கள், நூறாண்டு கழிந்தும் தாய்ப்புதரோடு ஏறக்குறைய ஒரே காலத்திற் பூத்தமை பதிவாகியுள்ளது. யப்பானிய மூங்கில் 1960களின் பிற்பகுதியிற் பூத்தபோது, பிறநாடுகளிலிருந்த அதன் வழித்தோன்றல்களும் பூத்தன. துண்டு புதிதாயினும் அதனுள் ஓடும் கடிகாரம் பழையது. அக்கடிகாரம் அடிக்கும்போது விளையும் கேடு எத்தகையது என்பதற்கு இந்தியாவின் மிசோ மலைநாட்டு மக்களைக் கேட்டறியலாம். அங்குள்ள மூங்கில் ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். மூங்கிலரிசியை உண்டு பெருகிய எலிகள், அது தீர்ந்ததும் வயலிலும் களஞ்சியத்திலும் புகுந்து நெல்லை அழிக்கும். 1959 இல் வந்த பஞ்சம் அம்மக்களின் அரசியலையே மாற்றிற்று. பஞ்ச நிவாரணத்திற்கென எழுந்த இயக்கம் 1961 இல் அரசியல் முன்னணியாகி, 1966 இல் ஆயுதமேந்தி, 1986 இலேதான் உடன்படிக்கைக்கு வந்தது. 2006, 2007 ஆம் ஆண்டுகளில் மூங்கில் மீண்டும் பூத்தது.

இக்கடிகாரத்தை ஓமோன்களால் தொட முடியும் என்பது 1990 இல் வெளிப்பட்டது. புனே நகரத் தேசிய இரசாயன ஆய்வுகூடத்தைச் சேர்ந்தோர் முள்மூங்கிலின் நாற்றுகளிலிருந்து எடுத்த குருத்துகளைத் தேங்காய் நீரும் பென்சைல் அடினீனும் சேர்ந்த ஊடகத்தில் வளர்த்துவந்தபோது, சில மாத வயதுடைய அக்குருத்துகள் குப்பிக்குள்ளேயே பூத்தன, வித்தும் பிடித்தன. இயற்கையில் முப்பதாண்டுக்கு மேற் காத்திருக்க வேண்டிய நிகழ்ச்சி அது. நேச்சர் என்னும் ஆங்கில ஏட்டில் அச்செய்தி வெளிவந்தபோது தாவரவியலார் பெரிதும் வியந்தனர். அவ்வியப்பிற்குக் காரணம் உண்டு: இரண்டு மூங்கில்களை மணம் செய்வித்துப் புதியதோர் இனம் பெறவேண்டுமெனின், இரண்டும் ஒரே காலத்தில் பூக்க ஒருவர் தம் ஆயுள் முழுவதும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்நாட்டிலும் இவ்வாராய்ச்சி நடந்திருக்கிறது. கண்டியிலுள்ள அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர், வெளியில் வளர்ந்த முதிர்ந்த இராட்சத மூங்கிலின் கணுக்களிலிருந்து குருத்துகளைப் பெருக்கிய முறையை 1997 இல் வெளியிட்டனர். நாற்றை விடுத்து முதிர்ந்த புதரை எடுத்துக்கொண்டமை அவ்வேலையின் அருமை. முதிர்ந்த புதரின் குணம் கண்கூடு. கழி நேரானதா, பருமனானதா என்பதைப் பார்த்தே தெரிந்தெடுக்கலாம். வித்திலிருந்து வந்த நாற்றின் குணமோ வளர்ந்தபின்னரே தெரியும். ஆனால் முதிர்ந்த புதரின் அரும்பு முதிர்ந்த கடிகாரத்தையும் உடன்கொண்டு வரும். அதே நிறுவனத்தார் 2001 இல் அறிவித்தபடி, முதிர்ந்த இராட்சத மூங்கிலின் குருத்துகளும் பெருகிக்கொண்டிருக்கும்போதே குப்பிக்குள் பூத்ததுண்டு. ஆய்வாளருக்கு அது பயனுள்ள செய்தி. பூத்த குருத்தை அறியாமல் வாங்கி வேலியோரத்தில் நட்டவருக்கோ அது வேறு விதமாகவே படும்.

ஆகையால் குப்பியிற் பிறந்த மூங்கில் நாற்றை வாங்கச் செல்வோர் இனத்தின் பெயரோடும் விலையோடும் நின்றுவிடாமல் இரண்டு கேள்விகளைக் கேட்டல் வேண்டும்: தாய் வித்துநாற்றா, முதிர்ந்த புதரா? முதிர்ந்த புதராயின் அவ்வினம் அவ்விடத்திற் கடைசியாகப் பூத்தது எந்த ஆண்டு? நாற்றுக்கூடங்களின் பதிவேட்டில் இவ்விரண்டு விடைகளும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். நாற்று விற்பனையாகும் தொட்டியின் சீட்டிலும் அவை இடம்பெறுதல் நன்று. அதற்கு ஒரு வரி போதும்.